இருபது ரூபாய் கூடுதல்

முதலாளி மகளுக்கு வளைகாப்பு என்று
மண்டிக்கு ஒருநாள் விடுமுறை.
ஆளுக்கு எழுநூறு, பதினோரு பேர்,
ஏழாயிரத்து எழுநூறு என் மஞ்சள் பையில்.
நான் எலுமிச்சை மண்டிக் கணக்கன்.
கடல் பார்க்கப் போனாலும் கணக்கன்தான்.

புளியங்குடியில் நாலு மணிக்கு ஏறினோம்.
ஆரியங்காவு தாண்டுகையில் வெளிச்சம் வந்தது.
ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றும்
இடுப்பில் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு.
"இதுகளும் கமிஷனுக்குத்தான் நிக்குது"
என்றாள் காய் பொறுக்கும் சண்முகவடிவு.

கொல்லம்.
சின்னக்கடை மணிக்கூண்டை
வேன் மூன்று முறை சுற்றியது.
மைதீனுக்கு வழி தெரியவில்லை.
கேட்கவும் மனமில்லை.
டீசலை நான் எழுதிக்கொண்டேன்.

அஷ்டமுடிக் காயலில்
படகுக்குக் கேட்டது இரண்டாயிரம்.
உச்சிமகாளி பேச்சே இல்லாமல்
தோள்துண்டை விரித்து
அதற்கடியில் படகுக்காரர் விரலைப் பிடித்தான்,
மண்டியில் விலை பேசுகிறாற்போல.
அவர் பதறிக் கையை உருவிக்கொண்டார்.
பிறகு சிரித்தார்.
ஆயிரத்து ஐந்நூறு.

படகுத்துறைக்கு எதிர்க்கடையில்
நாரங்காவெள்ளம், டம்ளர் இருபது.
ஒரு டம்ளருக்கு அரைக் காய்!
எங்கள் பதினோரு பேருக்கும்
ஒரே நேரத்தில் வயிறு எரிந்தது.
சண்முகவடிவு வாளிக்குள் கைவிட்டுப்
பிழிந்த தோல் ஒன்றை எடுத்தாள்.
"தோல் மெலிசு, காம்புக்குழி சின்னது.
ரெண்டாம் தரம். நான் பொறுக்குனதுதான்."
மாடக்கண்ணு அதை வாங்கி முகர்ந்தார்.
"வியாழக்கிழமை லோடு" என்றார்.
கடைக்காரருக்குத் தெரிந்தது
பாண்டி லோறி வரும் என்பது மட்டும்.
பத்தொன்பது வருடமாக அந்த லாரியில்
மூட்டை அடுக்குகிறவர்
கடையை ஒரு சுற்று பார்த்தார்,
பலகை, வாளி, பிழிகிற கட்டை எல்லாம்,
பெண் கொடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல.

தங்கசேரி கலங்கரை விளக்கம்.
சிவப்பும் வெள்ளையும் வரிந்து சுற்றி
மிட்டாய்போல் நின்றது.
சீட்டு இருபது, பதினொன்று வாங்கினேன்.
வாசலில் மாடக்கண்ணு நின்றுவிட்டார்.
மழையில் லோடு உச்சியில் ஏறித்
தார்ப்பாய் கட்டுகிற ஆள்!
"பயமாண்ணே?"
"இல்லப்பா. தலையில சுமையில்லாம
ஏறிப் பழக்கமில்ல. நீங்க போங்க."

சங்குக்குள் போவதுபோல் படிகள்.
மேலே காற்று அறைந்தது.
தென்னைகள் கீழே கிடந்தன,
மீன்பிடிப் படகுகள் சிதறிய பொரிபோல்.
எல்லோரும் கடலைப் பார்க்க,
நான் அவரைத் தேடினேன்.
சுவரோரம் நின்று
சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கூப்பிட்டேன்.
காற்று அதை வேறெங்கோ இறக்கிவிட்டது.

கடற்கரையில் மட்டும் அவர்தான் முதலில் இறங்கினார்.
அங்கே கரையிலேயே ஆழம்.
காவலர் விசில் ஊதினார்.
மாடக்கண்ணு விசிலுக்கு நகரவில்லை;
லாரி பின்னால் எடுக்கிற விசில் என்று நினைத்தாரோ.
அலை வந்து முழங்கால் மடக்கியபோது
எழுந்து, வாயில் புகுந்ததைத் துப்பாமல்
சப்பிப் பார்த்துச் சொன்னார்:
"உப்பு கொஞ்சம் தூக்கல்."

இரவு. தென்மலை வளைவுகள்.
செல்போன் வெளிச்சத்தில் கூட்டினேன்.
பையில் இருக்க வேண்டியது நாற்பது.
இருப்பது அறுபது.
நாலு தடவை கூட்டினேன்.
குறைந்தால் கைக்காசு போட்டுவிட்டுத் தூங்குவேன்;
கூடினால் எனக்குத் தூக்கம் வராது.
"எவம்லே பையில காசு போட்டது?"
யாரும் இல்லை.

பிறகுதான் நினைவு வந்தது,
எங்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஏறிவந்த
மலையாளப் பையன்,
அவன் கையில் எங்கள் வரிசைச் சீட்டு.

வரவு: விளக்கில் ஏறாத வகையில்
ரூபாய் இருபது.

பின்சீட்டில் கண்ணை மூடியபடி,
வேட்டியில் கடல் இன்னும் சொட்ட,
மாடக்கண்ணு கேட்டார்:
"பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவுப்பா வரும்?"
ஒரு ரூபாய் எண்பத்தோரு பைசா.
ஒன்பது பைசா மிஞ்சும்.
"அதையும் பாரு" என்றார்.
பார்த்துக்கொண்டிருக்கையில்
செங்கோட்டை வந்துவிட்டது.